வேராள்

எஸ்தரின் எச்சில் எழுபத்தொன்று என்றது. கெம்பியின் எச்சில் முப்பத்தெட்டு.

டாக்டர் நிரஞ்சனா கணினியைக் கெம்பி பக்கம் திருப்பி வைத்தார். கீரிப்பள்ளத்தின் இருபத்துமூன்று வீடுகள். தொண்ணூற்றாறு பேர். எல்லோர் பெயரும் வரிசையாக இருந்தது. உச்சியில் எஸ்தர். அதற்குக் கீழே நீண்ட வெற்றிடம். அதன் பிறகு கெம்பி.

"ட்யூப் மாறியிருக்கும் டாக்டர்."

"மூணு தரம் ஓட்டிப் பாத்தாச்சு."

"அவ எங்க ஆளே இல்ல."

"அப்ப யாரு அவங்க?"

"என் தம்பி பொண்டாட்டி. மேட்டுப்பாளையத்துல விடுதில வளந்தவ. அப்பன் ஆத்தா யாருன்னு அவளுக்கே தெரியாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல அணை கட்டினப்போ அங்க ஒரு ஊர் முங்கிப்போச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"மேல்கரை. ஆமா."

"அந்த ஜனங்க எங்க போனாங்க?"

"எங்கெங்கயோ."

"அதுல யாரோ ஒருத்தர் கைக்குழந்தைய விடுதி வாசல்ல விட்டிருக்கணும்" என்றார் டாக்டர். அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. தேடியது கிடைத்தவரின் மகிழ்ச்சி. கெம்பிக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

எல்லாம் ஒரு பல்லில் தொடங்கியது. நான்கு வருடத்துக்கு முன் மேல்பாறைக் குகையில் ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தது. ஐயாயிரம் வருடப் பழசு. அதே வருடம் முதற்குடிச் சட்டம் வந்தது. உள்காட்டில் முதலில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கேயே இருக்கலாம். மற்றவர்கள் சமவெளியில் கட்டியிருக்கும் காலனிக்குப் போக வேண்டும். யார் வழிவந்தவர், யார் இல்லை என்பதை மரபணு சொல்லும்.

பல்லையே வைத்து அளந்துவிட்டால் என்ன என்று கெம்பி அப்போதே டாக்டரிடம் கேட்டிருந்தாள்.

"அது கிழிஞ்ச புத்தகம் கெம்பி. பாதிப் பக்கம் இல்ல. பல்லுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற, உயிரோட இருக்கற ஒருத்தர் வேணும். அவங்ககிட்ட முழுப் புத்தகம் இருக்கும். அவங்கள வெச்சுத்தான் மத்தவங்க தூரத்தை அளக்கணும்."

எச்சிலில் வரும் எண் எவ்வளவு பெரிதோ, பல்லுக்கு அவ்வளவு பக்கம். அப்படிப்பட்ட ஆளுக்குச் சட்டம் ஒரு பெயர் வைத்தது. வேராள்.

கீரிப்பள்ளத்தில் வேராள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கெம்பியின் அப்பாதான் ஊர்ப் பெரியவராக இருந்தவர். கெம்பிதான் நாணலர் குடியிலேயே முதலில் நர்சு படிப்பு படித்தவள். மனு எழுதியவள். பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஏறி இறங்கியவள். நாணலர் பாஷைக்கு அரசு அங்கீகரித்த ஒரே மொழிபெயர்ப்பாளர். கல்யாணத்துக்கு நேரமில்லாமல் போனவள்.

"இந்த எண்ணெல்லாம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும்" என்றார் டாக்டர். "வேராள் ஒத்துக்கிட்டப்புறம் ஊருக்குச் சொல்லலாம். நாளைக்கு எஸ்தர்கிட்டச் சம்மதம் கேக்கணும். நீங்கதான் கேக்கணும்."

"அவ ஒத்துக்கலைன்னா?"

"அடுத்த பேர். நீங்க."

கெம்பி வீட்டுக்கு நடந்தாள். ஓடையைத் தாண்டினால் அரை மணி நேர ஏற்றம். நடக்க நடக்க உள்ளே எரிந்தது. எஸ்தர் தம்பியை எடுத்துக்கொண்டாள். அடுப்பை எடுத்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் கிழங்கு தோண்டப் போனால் இப்போதெல்லாம் எஸ்தரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். இப்போது செத்துப்போன முன்னோர்களையும் எடுத்துக்கொண்டாள். அதுவும் கேட்காமலே. விடுதியில் துவைக்கிற கல்லில் வளர்ந்தவள்.

எஸ்தர் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆறு வயது மாதி அம்மாவின் முதுகில் சாய்ந்தபடி காம்புகளைக் காதில் செருகிக்கொண்டிருந்தாள். கெம்பியின் செத்துப்போன தாயின் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். வைத்தவள் கெம்பி.

"வாங்கக்கா. டீ வெக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

"வெக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

"தொண்ட காஞ்சுபோய் வந்திருக்கீங்க. வெக்கறேனே."

"சரி, வை."

"எனக்கு?" என்றாள் மாதி.

"உனக்கு வேணுமா?"

"வேண்டாம்." சொல்லிவிட்டு மாதி அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். எஸ்தர் சிரித்தாள். "பாத்தீங்களா உங்க மருமகள? டம்ளர் கையில இருக்கு. வேண்டாமாம்."

நாணலர் எதையும் மூன்று முறை கேட்பார்கள். முதல் இரண்டு முறை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது சொல்வதுதான் பதில். சோற்றுக்கும் அப்படித்தான், சம்பந்தத்துக்கும் அப்படித்தான்.

எட்டு வருடத்துக்கு முன் தம்பி ஜடையன் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது, மூத்தவள் என்ற முறையில் கெம்பிதான் கேட்டாள். "எங்கள் வீட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்கிறாயா?"

"பாத்துக்கறேனுங்க" என்றாள் எஸ்தர் உடனே.

ஊரே சிரித்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமி உட்கார்ந்தார். "பசியோட வந்த பொண்ணுடா ஜடையா" என்றார். கெம்பிதான் அவளை மூங்கில் மறைவுக்குக் கூட்டிப்போய் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அதன் பிறகு எஸ்தர் ஒருநாளும் தவறியதில்லை. தண்ணீர் கொடுத்தால்கூட இரண்டு முறை மறுத்தாள். பிறந்ததிலிருந்து அங்கே இருப்பவர்களைவிடச் சுத்தமாகச் செய்தாள். அதுவும் கெம்பிக்கு உறுத்தியது.

டீ நன்றாக இருந்தது. அதுவும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேமராவை நிறுத்தினார்கள். டாக்டர் விதிகளை வாசித்தார். சம்மதம் குடியின் பாஷையில்தான் கேட்கப்பட வேண்டும். ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும். மறுத்தால் மறுத்ததுதான். மறுபடி கேட்பது வற்புறுத்தலாகும்.

அந்த விதியை எழுதச் சொன்னதே கெம்பிதான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ரத்தம் எடுக்க வந்தவர்கள் முடியாது முடியாது என்றவர்களைக் கேட்டுக் கேட்டே ஊசி குத்தினார்கள். அதனால் பட்டணத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னாள். கைதட்டினார்கள். அன்றைக்கு அவள் வெளியாட்களைத்தான் நினைத்தாள். தன் ஊர் வழக்கத்தை நினைக்கவில்லை.

இன்றைக்கு நினைத்தாள். எஸ்தர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டபோது அது நினைவுக்கு வந்தது.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்.

கெம்பி நாணலர் பாஷையில் கேட்டாள். "பல்லுக்கு நீதான் பக்கத்தில் இருக்கிறாய். எங்களுக்கெல்லாம் வேராளாக இருக்கிறாயா?"

எஸ்தரின் முகம் ஒரு கணம் திறந்தது. யாருக்கோ மகள் என்று முப்பது வயதில் தெரிந்தால் முகம் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. பிறகு தலையைக் குனிந்து, பாடம் படித்தவள் மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கெம்பியைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

கெம்பி கேமராவைப் பார்த்தாள். "வேண்டாம் என்கிறார்."

ஒரு சொல்லும் பொய் இல்லை.

"சரி" என்றார் டாக்டர். அவருக்கு ஏமாற்றம். ஆனாலும் விதியை மதிப்பவர். கேமராவை அணைத்தார். "தேங்க்ஸ்மா. நீங்க போகலாம்."

எஸ்தர் எழவில்லை. இன்னும் கெம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெம்பி காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

பிறகு கெம்பியிடம் கேட்டார்கள். ஒரு முறை. அவள் சரி என்றாள்.

ஊரின் முகப்பில் பலகை வைத்தார்கள். கெம்பியின் படம். கீழே, நாணலர் வேராள். அவளைப் பார்த்தால் பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். ஜடையன் பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். எஸ்தர் வேண்டாம் என்றதை அவன்தான் எல்லோரிடமும் சிரித்துச் சொன்னான். "அவளுக்கு எதுக்கு அதெல்லாம்? எங்கக்கா இருக்கறப்ப!" எஸ்தரும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் கெம்பியால் பார்க்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்துத் தூரங்கள் வந்தன. வேராளிடமிருந்து முப்பதுக்குள் இருந்தால் காட்டில் இருக்கலாம்.

தொண்ணூற்று நான்கு பேர் உள்ளே இருந்தார்கள். ஊர் முழுக்கப் பறை அடித்தார்கள். கெம்பியைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவள் கையில் பட்டியல் இருந்தது. கடைசி இரண்டு வரியில் அவள் கண் நின்றிருந்தது.

மாதி, முப்பத்துமூன்று. எஸ்தர், அறுபத்துநான்கு.

அவள் நேராக டாக்டரிடம் போனாள். "பல்லுக்கு அவதானே பக்கம்? அவ எப்படி வெளிய போவா?"

"பல்லுக்குப் பக்கம். உங்களுக்குத் தூரம். மேல்கரை ஆளுங்க வேற யாரோடயும் கலக்கல. நீங்கெல்லாம் கொஞ்சம் கலந்தவங்க. சட்டம் பல்லை அளக்கல கெம்பி. உங்களத்தான் அளக்குது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். அதனாலதான் அவங்க மறுத்தது ஒரு விதத்துல நல்லதுன்னு நெனச்சேன். அவங்க வேராளா இருந்திருந்தா இருபத்துமூணு வீட்டுல பத்தொம்பது வீடு வெளிய போயிருக்கும்." டாக்டர் தயங்கினார். "குழந்தைக்கு ஒரு வழி இருக்கு. வேராள் வீட்டுல ஒரு குழந்தைய வெச்சு வளக்கலாம். சட்டத்துல அதுக்குப் பிரிவு இருக்கு."

கெம்பிக்குள் ஏதோ துள்ளியது. எஸ்தர் இல்லாத வீடு. தன் பாயில் மாதி. அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் இருந்தது.

தம்பி வீட்டில் ஜடையன் கத்திக்கொண்டிருந்தான். "அன்னிக்கே சரின்னு சொல்லித் தொலைஞ்சிருந்தா இன்னிக்கு நீ உள்ள இருந்திருப்ப! பெரிய இவ, வேண்டாம்னாளாம்! என்னத்துக்குடி வேண்டாம்ன?"

எஸ்தர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாதி ஒரு சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒளிந்திருந்தாள்.

"நானும்தான் போறேன் அக்கா" என்றான் ஜடையன் கெம்பியைப் பார்த்ததும். குரல் உடைந்தது. "இவள விட்டுட்டு நான் எங்க இருக்கறது?" வெளியே போய்விட்டான்.

கெம்பி எஸ்தரின் எதிரில் உட்கார்ந்தாள். "அவன்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தைங்க?"

"நான் ஒரு தடவதான் கேட்டேன்னு."

எஸ்தர் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேனுங்க. மொத நாளு."

"அப்புறம்?"

"அப்புறம், மறக்கலைன்னு தெரிஞ்சுதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். புருஷனிடம் காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்திருக்கலாம். இவள் அதற்கும் இடம் வைக்கவில்லை. கெம்பிக்கு அந்த நிமிடத்திலும் எரிந்தது.

மறுநாள் அவள் டாக்டரிடம் வழக்கத்தைச் சொன்னாள். தான் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்.

"உங்க மொழிபெயர்ப்பு உரிமம் போயிரும். தெரியுமா?"

"தெரியும்."

"மொத தடவ கேட்டது இனிச் செல்லாது. திரும்பக் கேக்கணும்னா எல்லாத்தையும் சொல்லித்தான் கேக்கணும். பத்தொம்பது வீடு வெளிய போகும்னும் சொல்லணும். அதுல மொத வீடு உங்களுது. அவங்ககிட்டருந்து உங்களுக்கும் அதே அறுபத்துநாலு."

"கேளுங்க."

"நீங்கதான் கேக்கணும்" என்றார் டாக்டர். "உங்கள விட்டா வேற மொழிபெயர்ப்பாளர் இல்லையே."

எதற்காக இதைச் செய்கிறோம் என்று கெம்பிக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நியாயம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் எஸ்தர் சரி என்று சொல்லிப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. அவளும் ஆசைப்படுகிறவள்தான், அவளும் எடுத்துக்கொள்கிறவள்தான் என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், இந்த எரிச்சல் அடங்கும்.

அதே நாற்காலி. அதே கேமரா. டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். கெம்பி எதையும் விடாமல் நாணலர் பாஷையில் சொன்னாள். பத்தொன்பது வீடு. தன் வீடு.

"வேராளாக இருக்கிறாயா?"

"வேண்டாம்."

டாக்டர் கையைத் தூக்கினார். கெம்பி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

"வேராளாக இருக்கிறாயா?"

"வேண்டாம்."

வெளியே யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. கெம்பி அந்தச் சத்தம் நிற்கும் வரை காத்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை எத்தனையோ முறை மூன்றாவது கேள்வி கேட்டிருக்கிறாள். நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

"எஸ்தர். வேராளாக இருக்கிறாயா?"

எஸ்தர் இந்த முறை குனியவில்லை. நேராகப் பார்த்தாள்.

"வேண்டாம்."

"மூணும் ஒரே பதில்தானே?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். மூணாவதுதான் பதில்."

கேமரா அணைந்த பிறகு எஸ்தர் தமிழில் சொன்னாள். "நான் எங்க வேணா இருந்துக்குவேனுங்கக்கா. பழக்கம்தான். நீங்க இந்த ஓடையத் தாண்டி ஒரு ராத்திரி நல்லாத் தூங்கினதில்ல. தலகாணி மாறினாலே தூக்கம் வராது உங்களுக்கு."

கெம்பி காகிதங்களை எடுத்துக்கொண்டாள். எழுபத்தொன்றுக்குப் பொறாமைப்பட்டது ஒன்றுமே இல்லை. அந்த மூன்றாவது வேண்டாம் தன் வாயில் வந்திருக்காது. அவளுக்கு அது தெரிந்தது. அதைத்தான் இனி வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து எரிய வேண்டும்.

காலனிக்கு வண்டி திங்கட்கிழமை காலை வந்தது. ஊர் முழுக்கப் பலகைக்கு அடியில் கூடியிருந்தது. ஜடையன் பாத்திர மூட்டையை ஏற்றினான். மாதி புதுச் சட்டையில் நின்றாள். காதில் கீரைக் காம்பு.

டாக்டர் கொடுத்த காகிதம் கெம்பியின் இடுப்பில் இருந்தது. குழந்தையை வைத்துக்கொள்ளும் காகிதம். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று.

"அத்தை கேக்கட்டும்னு விட்டுட்டோமுங்க" என்றாள் எஸ்தர். "இங்க பள்ளிக்கூடம் இருக்கு. காடு இருக்கு. அங்க என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியல. நீங்க கேளுங்க. அவ வர்றேன்னா வரட்டும், இருக்கறேன்னா இருக்கட்டும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் வண்டியின் கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

கெம்பி மண்டியிட்டுக் குழந்தையின் உயரத்துக்கு வந்தாள்.

"மாதி. அத்தைகூட இருக்கறியா?"

"வேண்டாம்" என்றாள் மாதி.

சொல்லிவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கெம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வழக்கம் தெரியும். கெம்பிதான் சொல்லிக்கொடுத்தாள்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

கெம்பி எழுந்தாள். முழங்கால் மண்ணைத் தட்டினாள். குழந்தையைத் தூக்கி எஸ்தரின் கையில் கொடுத்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.

எஸ்தர் அவளைப் பார்த்தாள். குழந்தையோடு ஏறிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. மாதி பின்கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். வளைவு திரும்பும் வரை அவள் கெம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.